மாதம் ஒரு கிலோ போதும்



பெண்கள் நாலு பேர் கூடினால் உடல் நிறையைப் பற்றிய பேச்சு வராமல் போவதில்லை. கல்யாண வீட்டில், பாலர் பாடசாலை வாசலில், கிளினிக் வரிசையில் எங்கும் இதே கதைதான். ஒருவர் காலையில் வெறும் வயிற்றில் தேசிக்காய்த் தண்ணீர் குடிக்கச் சொல்வார். இன்னொருவர் சோற்றை அடியோடு விட்டுவிடச் சொல்வார். மற்றொருவர் பத்து நாளில் ஐந்து கிலோ குறைக்கும் பொடியொன்றைப் பற்றி மெல்லிய குரலில் சொல்வார். மகளுக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியதும், "புள்ளய கொஞ்சம் மெலிய வைக்க ஏதும் மருந்திருக்கா?" என்று கேட்கும் தாய்மாரும் இருக்கிறார்கள்.

இந்தப் பேச்சுகள் எல்லாவற்றிலும் அவசரம் தெரிகிறது. பத்து வருடமாகச் சேர்ந்த நிறை பத்து நாளில் போய்விட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். போகாவிட்டால் மனம் சோர்ந்து, "என்ட உடம்பு வாகே இப்படித்தான்" என்று கைவிட்டுவிடுகிறோம். ஆனால் மாதத்துக்கு ஒரு கிலோ என்ற அளவில், வீட்டுச் சாப்பாட்டையே சாப்பிட்டுக்கொண்டு, வீட்டு வளவுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்து நிறையைக் குறைக்க முடியும். இதற்குப் பணம் தேவையில்லை. பொறுமைதான் தேவை.

அழகுக்காகவா, ஆரோக்கியத்துக்காகவா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பருமனாக இருப்பது குற்றமோ வெட்கப்பட வேண்டிய விடயமோ அல்ல. ஒரு பெண்ணைப் பார்த்தவுடன் "நல்லாக் கொழுத்திட்டீங்க" என்று சொல்லும் பழக்கம் எவருக்கும் நன்மை தருவதில்லை. நாம் கவலைப்பட வேண்டியது நிறையோடு சேர்ந்து வருகின்ற வருத்தங்களைப் பற்றித்தான். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், முழங்கால் வலி, கர்ப்ப காலத்தில் வருகின்ற சீனி வருத்தம் என்பன அவற்றுள் முக்கியமானவை.

இலங்கையில் 2016 இல் நடத்தப்பட்ட குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, திருமணமான 15 முதல் 49 வயது வரையான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேர் இருக்க வேண்டிய நிறையை விடக் கூடியவர்களாக இருந்தனர். ஆகவே இது ஓரிருவருடைய பிரச்சினை அல்ல. ஒரு தெருவில் பத்துத் தாய்மார் இருந்தால் நாலைந்து பேருடைய பிரச்சினை.

உங்கள் நிலையை நீங்களே கணக்குப் பார்க்கலாம். உங்கள் நிறையைக் கிலோவில் எழுதுங்கள். உயரத்தை மீற்றரில் எழுதி, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். நிறையை அந்த விடையால் பிரித்தால் வருவதுதான் உடற்திணிவுச் சுட்டி. 155 சென்ரிமீற்றர் உயரமும் 70 கிலோ நிறையும் உள்ள ஒரு பெண்ணுக்கு இது ஏறக்குறைய 29 ஆக வரும். எங்களைப் போன்ற ஆசிய மக்களுக்கு 23 ஐத் தாண்டும்போதே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் அறிவித்தது. தெற்காசியர்களின் உடலில், குறிப்பாக வயிற்றுப் பகுதியில், கொழுப்பு எளிதில் சேர்வதே இதற்குக் காரணம்.

தராசு இல்லாதவர்களுக்குத் தையல் டேப் போதும். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள், அதாவது ஏறக்குறைய 31½ அங்குலத்துக்குள் இருப்பது நல்லது.

"நாள் முழுக்க வேலைதானே செய்றம்?"

உடற்பயிற்சி என்றதும் நம் சகோதரிகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. சுபஹுக்கு எழும்பினால் இரவு கதவைப் பூட்டும் வரை ஓய்வில்லை என்பது உண்மை. ஆனால் அந்த வேலையின் தன்மை மாறிவிட்டது.

நம் உம்மம்மாமார் உரலில் மா இடித்தார்கள். அம்மியில் அரைத்தார்கள். கிணற்றில் தண்ணீர் இறைத்துக் குடம் சுமந்தார்கள். மருதமுனையில் தறியில் இருந்தவர்கள் கையும் காலும் ஓயாமல் நெய்தார்கள். இன்று பல வீடுகளில் மா கடையில் வருகிறது, கிரைண்டர் அரைக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, சலவை இயந்திரம் துவைக்கிறது. சந்தைக்கு நடந்த தூரத்தை முச்சக்கரவண்டி எடுத்துக்கொண்டது. இவை எல்லாம் பெண்களின் சுமையைக் குறைத்த நல்ல மாற்றங்கள். ஆனால் அடுப்படியில் இரண்டு மணி நேரம் நிற்பது களைப்பைத் தருமே தவிர, இதயத்தையும் தசைகளையும் வேகமாக வேலை செய்ய வைப்பதில்லை.

இது நமது ஊரின் குறை மட்டுமல்ல. உலகளவில் 2022 இல் பெண்களில் நூற்றுக்கு 34 பேரும் ஆண்களில் 29 பேரும் போதிய உடலுழைப்பு இல்லாதவர்களாக இருந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நமது பெண்களுக்கு வேறு தடைகளும் உண்டு. பிரதான வீதியில் வாகன நெரிசல், பார்ப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம், துணைக்கு ஆள் இல்லாமை, சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக முடியாமை என்பன அவை. எனவேதான் வீட்டுக்குள்ளே செய்யும் பயிற்சி நமக்குப் பொருத்தமாகிறது.

மெதுவாகக் குறைப்பது ஏன்?

பட்டினி கிடந்து வேகமாகக் குறைக்கும்போது கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைகிறது. களைப்பு, தலைசுற்று, முடி உதிர்தல் வருகின்றன. மிக வேகமாக நிறை குறைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாகும் ஆபத்தும் கூடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டினியை ஒரு குடும்பப் பெண்ணால் மாதக்கணக்கில் தொடர முடியாது.

அதோடு, நோயைத் தடுக்க நாம் மெலிந்த தோற்றத்துக்கு வர வேண்டியதும் இல்லை. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் அதிகமானோரை வைத்து நடத்தி 2002 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இதைக் காட்டியது. நீரிழிவின் வாசலில் நின்ற அவர்களில் ஒரு பிரிவினருக்கு, உடல் நிறையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதும் இலக்காகக் கொடுக்கப்பட்டன. ஏறக்குறைய மூன்று வருடத்தில் அந்தப் பிரிவில் நீரிழிவு வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மாத்திரை எடுத்த பிரிவில் குறைந்தது 31 பங்குதான். 70 கிலோ உள்ளவருக்கு 7 பங்கு என்பது ஏறக்குறைய 5 கிலோ. மாதம் ஒரு கிலோ என்றால் ஐந்து மாத வேலை!

நமக்குப் பக்கத்தில் சென்னையில் டொக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆறுதலானது. 531 பேர் அதில் பங்குபற்றினர். சாதாரண நிலையில் விடப்பட்டவர்களில் மூன்று வருடத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. தினமும் நடப்பது, சீனியையும் எண்ணெயையும் குறைப்பது என்ற ஆலோசனையைப் பெற்றவர்களில் 39 பேருக்கே வந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய நிறை பெரிதாகக் குறையவில்லை. எனவே தராசு முள் அசையவில்லையே என்று மனம் உடைந்து பயிற்சியை விட்டுவிடாதீர்கள். உள்ளே நன்மை நடந்துகொண்டுதான் இருக்கும்.

முழங்கால் வலியால் கதிரையில் இருந்து தொழும் சகோதரிகளுக்கும் ஒரு செய்தி உண்டு. உடலில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் ஏறும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது என்று 2005 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஐந்து கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் 20 கிலோ சுமை இறங்குகிறது.

எண்ணெய்ப் போத்தலும் சீனி டின்னும்

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. அதை ஒரு மாதத்தில் குறைக்க, ஒரு நாளைக்கு 250 கலோரி அளவில் குறைத்தால் போதும். இது நமது குசினியில் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

ஐந்து பேர் உள்ள வீட்டில் 750 மில்லிலீற்றர் எண்ணெய்ப் போத்தல் ஐந்து நாளில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிலீற்றர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு. அதே போத்தலைப் பத்து நாளைக்கு வரச் செய்தால் ஆளுக்கு 120 கலோரி குறைகிறது. மீனைப் பொரிப்பதற்குப் பதிலாக ஆணம் காய்ச்சுவது, போத்தலிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளந்து விடுவது, பொரியலை வாரத்தில் இரண்டு நாளைக்கு மட்டுப்படுத்துவது ஆகிய மூன்றையும் செய்தாலே இது முடியும்.

அடுத்து சீனி. ஒரு நாளைக்கு நாலு தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி என்றால் மொத்தம் 12 கரண்டி, ஏறக்குறைய 54 கிராம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவர் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் கூறியது. தேநீரிலேயே அளவு தாண்டிவிடுகிறது! மூன்று கரண்டியை ஒன்றாக்கினால் ஏறக்குறைய 140 கலோரி குறையும். ஒரே நாளில் ஒன்றாக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அரைக் கரண்டி குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

எண்ணெயில் 120, சீனியில் 140. சோற்றுச் சட்டியைத் தொடாமலேயே மாதத்துக்கு ஒரு கிலோவுக்கான கணக்கு வந்துவிட்டது. மாதங்கள் போகப் போக உடல் பழகிக்கொள்வதால் குறைவது மெதுவாகும். அப்போது உடற்பயிற்சி கைகொடுக்கும்.

வீட்டுச் சாப்பாட்டில் வேறு சில மாற்றங்களையும் செய்யலாம்.

பீங்கானில் அரைவாசி இடத்தை மரக்கறிக்கும் கீரைக்கும் கொடுங்கள். கால்வாசி சோறு, மிகுதிக் கால்வாசி மீன், முட்டை அல்லது பருப்பு. முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் நம் வளவிலும் சந்தையிலும் இருப்பவை. கீரி, சூடை போன்ற சிறு மீன்கள் விலை குறைந்தவை, சத்துக் கூடியவை.

தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறு கூடுதல் நேரம் பசி தாங்கும். இரவில் பாண், பராட்டா, கொத்து என்று கோதுமை மா உணவுகளைத் தொடர்ந்து எடுப்பதைக் குறையுங்கள்.

பிள்ளைகள் மிச்சம் வைத்ததை "வீணாப் போகுதே" என்று வாயில் போடாதீர்கள். அளவாகப் பரிமாறினால் மிச்சமே வராது. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு அஸருக்குப் பின் பணிஸும் ரோல்ஸும் சாப்பிடுவதிலும் பயனில்லை.

மென்பானம் வாங்கும்போது போத்தலில் உள்ள நிறக் குறியைப் பாருங்கள். சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சைக் குறிகள் 2016 ஆகஸ்ட் முதல் நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டன. சிவப்பு என்றால் சீனி அதிகம்.

கல்யாண வீட்டில் சஹனில் பலர் சேர்ந்து உண்பது நமது அழகிய வழக்கம். அதை விடத் தேவையில்லை. உங்கள் பக்கத்தில் உள்ள அளவைச் சாப்பிட்டு நிறுத்துங்கள். வட்டிலப்பத்தை இரண்டாம் முறை எடுக்காதீர்கள். வயிற்றில் உணவுக்கு மூன்றில் ஒரு பங்கே இடம் என்ற நபிகளாரின் வழிகாட்டல் நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தது. அதற்குச் சமமான உணவு ஆலோசனை வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

ரமழானில் ஓரளவு நிறை குறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறைவு சிறியது. பெருநாள் கழிந்து சில வாரங்களில் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது. பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி என்று நோன்பு திறந்து, சமோசாவையும் சர்பத்தையும் தினசரி வழக்கமாக்காமல் இருந்தால் அந்த மாதம் நல்ல பழக்கத்துக்கான பயிற்சியாகும்.

வளவே பயிற்சிக் கூடம்

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி வளர்ந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி தேவை. தசைகளை வலுவாக்கும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். 150 நிமிடம் என்பது ஒரு நாளைக்கு 22 நிமிடம்தான். முன்பு, தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்றார்கள். 2020 இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. ஐந்து நிமிடமாகச் செய்தாலும் கணக்கில் சேரும். பிள்ளை தூங்கும் நேரம், சோறு வேகும் நேரம் எல்லாம் உதவும்.

மிதமான வேகம் என்பதை எப்படி அறிவது? பக்கத்தில் உள்ளவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் நீட்டி ஓத முடியாதபடி மூச்சு வாங்க வேண்டும்.

1. நின்ற இடத்தில் நடத்தல்: முழங்கால்களை மாறி மாறி உயர்த்தி, கைகளை வீசி ஐந்து நிமிடம். பழகியபின் பத்து நிமிடம். வளவைச் சுற்றி நடந்தாலும் சரி.

2. கதிரையிலிருந்து எழும்புதல்: உறுதியான கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி, மெதுவாக மீண்டும் இருங்கள். 10 தடவை. பிளாஸ்டிக் கதிரையாயின் சுவரோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

3. சுவரைத் தள்ளுதல்: சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று உள்ளங்கைகளைச் சுவரில் வையுங்கள். முழங்கையை மடித்து நெஞ்சைச் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோய் மீண்டும் தள்ளுங்கள். 10 தடவை.

4. குதி உயர்த்துதல்: குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தில் எழும்பி மெதுவாக இறங்குங்கள். 15 தடவை.

5. காலை நீட்டுதல்: கதிரையில் இருந்தபடி ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை வைத்திருங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது மிக நல்லது.

6. இடுப்பை உயர்த்துதல்: பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, இடுப்பை மட்டும் உயர்த்தி இறக்குங்கள். 10 தடவை.

முதல் வாரம் பாதி எண்ணிக்கையே போதும். வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். சுனாமிக்குப் பின் கட்டப்பட்ட கல்முனை கிரீன்பீல்ட் போன்ற தொடர்மாடி வீடுகளில் இருப்பவர்களுக்குப் படிக்கட்டே பயிற்சிக் கருவி. கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்கள் சுபஹுக்குப் பின் நாலைந்து பேராகச் சேர்ந்து நடந்தால் கூச்சமும் குறையும், துணையும் கிடைக்கும்.

கல்யாணம் முடித்த பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும், உம்மாவும் ராத்தாவும் தங்கச்சியும் ஒரே வளவில் அல்லது பக்கத்து வளவில் வாழ்வதும் நமது கரையோரத்து வழக்கம். தனித்தனியாக நாடுகளிலும் நகரங்களிலும் சிதறி வாழும் பெண்களுக்குக் கிடைக்காத வசதி இது. நான் பணிக்குச் செல்லும் பகுதியில் ஒரு தாயும் இரண்டு மகள்மாரும் அஸர் தொழுகைக்குப் பின் முற்றத்தில் சேர்ந்து பயிற்சி செய்கிறார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்ப் போத்தல். போத்தல் திறந்த திகதியைக் கலண்டரில் எழுதி வைக்கிறார்கள். எட்டு மாதத்தில் மூத்த மகளுக்கு ஆறு கிலோ குறைந்திருக்கிறது. தாய்க்குக் குறைந்தது இரண்டு கிலோதான். ஆனால் படியைப் பிடிக்காமல் ஏறுகிறேன் என்று அவர் சொல்வதில் உள்ள சந்தோசம் பெரிது.

கவனிக்க வேண்டியவர்கள்

நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இதய வருத்தம், கூடிய பிரஷர் உள்ளவர்கள், சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகள் நிறை குறைக்கக் கூடாது. பாலூட்டும் தாய்மாரும் பட்டினி கிடக்கக் கூடாது. பயிற்சியின்போது நெஞ்சுவலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கர்ப்ப காலத்தில் சீனி வருத்தம் வந்து பிள்ளை பிறந்ததும் மறைந்துவிட்டது என்று இருப்பவர்கள் கூடுதல் கவனமெடுக்க வேண்டும். பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்கு மற்றவர்களை விடப் பல மடங்கு அதிகம்.

மெலிய வைக்கும் பொடி, தேயிலை, கோப்பி, மாத்திரை என்பவற்றை ஆள் சொல்லி வாங்காதீர்கள். சிபுட்ராமின் என்ற மருந்து மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இடமளிப்பதாகக் கண்டு 2010 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அதன் பின்னரும் "இயற்கை மூலிகை" என்று பெயரிட்ட பொருட்களுக்குள் அது கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. இப்போது பேசப்படும் மெலிய வைக்கும் ஊசியும் வைத்தியர் பரிசோதித்து எழுதித் தர வேண்டிய மருந்தே.

அரசாங்கத்தின் இலவச சேவைகளைப் பயன்படுத்துங்கள். 35 வயதைக் கடந்த பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் நம் நாட்டில் நடக்கிறது. இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கு பரிசோதிக்கிறார்கள். நாளையும் இடத்தையும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம்.

குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை. உம்மாவுக்குத் தனியாக ஒரு பத்தியச் சாப்பாடு, மற்றவர்களுக்கு வேறு சாப்பாடு என்று இருந்தால் அது இரண்டு வாரமும் நிலைக்காது. சட்டி ஒன்றாக இருக்கட்டும். அதில் எண்ணெய் குறைந்தால் வாப்பாவின் பிரஷருக்கும் நல்லது, பிள்ளைகளின் எதிர்காலத்துக்கும் நல்லது. பயிற்சிக்கான அந்த 22 நிமிடத்தில் பிள்ளையை வைத்துக்கொள்வது கணவர் செய்யக்கூடிய பெரிய உதவி.

சகோதரிகளே, வாரத்தில் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே தராசில் நிறையைப் பார்த்து எழுதி வையுங்கள். தினமும் ஏறிப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் தொடருங்கள். இன்று உங்கள் வீட்டில் புதிய எண்ணெய்ப் போத்தல் திறந்தால் திகதியை அதிலேயே எழுதுங்கள். எத்தனை நாளைக்கு வருகிறது என்று பாருங்கள். அடுத்த போத்தல் ஒரு நாளாவது கூட வந்தால் நீங்கள் தொடங்கிவிட்டீர்கள்.